கிழிபடாத நட்சத்திரம்

லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழர்களிடம் மாதவி என்று மட்டும் சொன்னால் எந்த மாதவி என்று திருப்பிக் கேட்பார்கள். பாட்டு சொல்லிக்கொடுக்கிற மாதவி ஒருத்தி இருந்தாள். வங்கியில் வேலை பார்த்த மாதவி இன்னொருத்தி. இவள் நட்சத்திர மாதவி. கல்கத்தா இன்னும் கல்கத்தாவாகவே இருந்த 1998-இல் அந்தப் பேர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் வந்த சந்தோஷம் கொஞ்ச காலம்தான். சங்கடம் ரொம்ப நாள் இருந்தது.

அவள் அப்பா மஹாதேவன் துறைமுக ஆபீசில் அதிகாரியாக இருந்தவர். டாக்குரியாவில் ரயில்வே கேட்டை ஒட்டிய ஒரு ஃப்ளாட்டில்தான் மாதவி பிறந்து வளர்ந்தாள். தெருவில் வங்காளி, வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். ஜாதவ்பூரில் பௌதிகம் எம்.எஸ்ஸி. முடித்தவுடன் பாலிகஞ்சில் ஒரு பெண்கள் கல்லூரியில் லெக்சரர் வேலை கிடைத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அனந்தகிருஷ்ணன் அறிமுகமானான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆராய்ச்சிக்காக ஜாதவ்பூருக்கு வந்தவன். கடுகெண்ணெய்ச் சமையல் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தவனை அவள் அம்மா சகுந்தலா ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசம் சாப்பிடக் கூப்பிட்டாள். அடுத்த ஞாயிறும் வந்தான். இரண்டு வருஷத்தில் கல்யாணம் ஆயிற்று. ஒரே ஜாதி என்பதால் காதல் என்ற வார்த்தையை யாரும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜாதகம் பார்த்து நிச்சயித்ததாகவே ஊருக்கு எழுதிப் போட்டார்கள். தனியாக இருக்கும்போது மாதவி அவனை "நீ" என்பாள். அம்மாவுக்கு முன்னால் "நீங்க".

அனந்தகிருஷ்ணன் கருந்துளைகளைப் பற்றிக் கணக்குப் போடுகிறவன். காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும் அவனுக்கு. மாதவிக்கோ வானத்தைத் துருவித் துருவிப் பார்த்து வைத்த அட்டவணைகளின் மேல் ஆசை. கல்லூரி வேலை போக மிச்ச நேரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, கணவனின் துறையிலேயே ஒரு மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடுவாள்.

அவள் தேடியது இதைத்தான். பெரிய நட்சத்திர மண்டலம், அதாவது கேலக்ஸி, ஒவ்வொன்றின் நடுவிலும் பிரம்மாண்டமான ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. பாதிக்கு மேல் தூங்குகிறவை. தின்ன ஒன்றும் இல்லாமல் இருட்டாகக் கிடப்பவை. எப்போதோ ஒரு தடவை ஏதாவது ஒரு நட்சத்திரம் வழி தப்பி மிக நெருங்கிப் போய்விடும். அப்போது நட்சத்திரத்தின் கிட்டத்துப் பக்கத்தை இழுக்கிற இழுப்பு, எட்டத்துப் பக்கத்தை இழுப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகிவிடும். நட்சத்திரம் நீண்டு, நார் நாராகக் கிழிந்துபோகும். பாதி வெளியே சிதறும். மீதி சுழன்று சுழன்று உள்ளே விழும்போது சூடேறி எரியும். அந்த வெளிச்சம் சில மாதம் இருந்து மெல்ல அடங்கும். பிறகு பழைய இருட்டுதான்.

இதை நேரில் பார்க்கக் காத்திருந்தால் ஆயுசு போதாது. ஒரு மண்டலத்தில் பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம். ஆகவே வழி ஒன்றுதான். முழு வானத்தையும் ஒரு தடவை பார்த்து வைக்க வேண்டும், சில வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அப்போது இருந்து இப்போது இல்லாமல் போனது எது என்று ஒப்பிட வேண்டும். தொண்ணூறில் ஒரு செயற்கைக்கோள் வானம் முழுவதையும் எக்ஸ்ரேயில் வருடி முடித்திருந்தது. அந்தத் தகவல் கல்கத்தாவுக்கு வெளிநாடு போய் வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் குறுந்தகடுகளாக வந்து சேர்ந்தது. மாதவி கல்லூரி விட்டதும் மினிபஸ் பிடித்து ஜாதவ்பூர் போவாள். பாதி நாள் போய் உட்கார்ந்ததும் கரெண்ட் போகும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். மறைந்துபோன வெளிச்சங்களில் பெரும்பாலானவை நம் பக்கத்து நட்சத்திரங்களின் சாதாரணச் சீற்றம். அவற்றைத் தள்ளுவாள். எப்போதும் தின்றுகொண்டே இருக்கும் கருந்துளைகள் இருக்கின்றன. அவை கூடும், குறையும். அவற்றையும் தள்ளுவாள். தள்ளத் தள்ளக் கடைசியில் ஒன்று நின்றது. வெகு தொலைவில், மங்கலான ஒரு மண்டலம். தொண்ணூறில் அதன் நடுவில் பளிச்சென்று ஒரு எக்ஸ்ரே வெளிச்சம். தொண்ணூற்று மூன்றில் அதே இடத்தை வேறு காரணத்துக்காகப் பார்த்தபோது அங்கே எதுவுமே இல்லை.

"அனந்த், இங்கே வா" என்று மட்டும் கூப்பிட்டாள். அவன் வந்து திரையைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.

"இது தூங்கற கேலக்ஸின்னு நிரூபிக்கணும்" என்றான் கடைசியில். "ஸ்பெக்ட்ரம் எடுக்கணும். அதுல கோடு இல்லேன்னா ஆச்சு."

தின்றுகொண்டிருக்கும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வாயுவைச் சூடேற்றும். அந்த மண்டலத்தின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால் அதில் சில பிரகாசமான கோடுகள் தெரியும். கோடு இல்லையென்றால் கருந்துளை தூங்குகிறது, அந்த எக்ஸ்ரே வெளிச்சம் ஒரு நட்சத்திரத்தின் சாவு என்று சொல்லலாம்.

தொண்ணூற்று ஏழு ஆரம்பத்தில் ஜவ்வாது மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் அவர்களுக்கு நேரம் கிடைத்தது. குழந்தை மஹிமாவைச் சகுந்தலாவிடம் விட்டுவிட்டு இருவரும் ரயிலேறினார்கள். மலையில் மேகம் அடம் பிடித்தது. அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கொஞ்ச நேரம் வானம் திறந்தது, அதற்குள் எடுத்ததுதான். கிடைத்த நிறமாலை பனிமூட்டத்தில் எடுத்த புகைப்படம் மாதிரி இருந்தது. கோடு எதுவும் இல்லை. ஆனால் ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு.

"இது என்ன?" என்றாள் மாதவி.

"இரைச்சல். சுத்தி முழுக்க அப்படித்தானே இருக்கு."

"இந்த இடத்துல வந்திருக்கே."

"எங்கேயாவது வரத்தானே வேணும்? இன்னொரு தடவை நேரம் கேட்டா அடுத்த வருஷம்தான் கொடுப்பா. அதுக்குள்ள வேற யாராவது எழுதிடுவா."

மாதவி அந்த மேட்டை இன்னொரு தடவை பார்த்தாள். இரைச்சலாகவும் இருக்கலாம். சரி என்றாள்.

கட்டுரை அடுத்த வருஷம் வெளியாயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது. அவன் பெயர் முதலில். ஒரு மண்டலத்தில் பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு நட்சத்திரம் கிழிபடும் என்ற கணக்கை அனந்தகிருஷ்ணன் அதில்தான் முதலில் அழுத்திச் சொன்னான். ஒரு காலையில் எதிர் ஃப்ளாட் ஷிப்ரா, "பௌதி, காகஜே தோமாதேர் சோபி!" என்று வங்காளிப் பேப்பரை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அதில் இரண்டு பேரின் படமும் இருந்தது. ஒரு நட்சத்திரத்தின் மரணத்தைக் கண்ட தம்பதி என்று போட்டிருந்தார்கள். தமிழ்ச் சபாவில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அனந்தகிருஷ்ணன் பேசினால் கூட்டம் அசையாது. அவனுக்கு அப்படி ஒரு நாக்கு. நட்சத்திரம் நார் நாராகக் கிழிவதைக் கைவிரல்களைப் பிரித்துக் காட்டினான். முன்வரிசையில் ஒரு மாமி எழுந்து, "நம்ம சூரியனுக்கும் இப்படி ஆயிடுமா?" என்று கேட்டாள். "உங்க பேத்தி கல்யாணம் முடியற வரைக்கும் ஆகாது மாமி" என்றான். அரங்கமே சிரித்தது. மாதவியும் சிரித்தாள். அன்று அவளுக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

பிறகு வருஷங்கள் ஓடின. மாதவி டாக்டர் பட்டம் வாங்கினாள், கல்லூரியிலேயே இருந்தாள். அனந்தகிருஷ்ணன் மாநாடு மாநாடாகப் போனான். கிழிபடும் நட்சத்திரங்கள் என்றால் இந்தியாவில் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அவன் பெயர் பதிலாக ஆயிற்று. மஹிமா வங்காளியில் சண்டை போட்டாள், வங்காளியில் கனவு கண்டாள், தமிழில் சாப்பாடு கேட்டாள். அப்பா மஹாதேவன் ஒரு மழைக்காலத்தில் காலமானார். சகுந்தலா டாக்குரியா ஃப்ளாட்டை விட்டு வர மாட்டேன் என்று தனியாகவே இருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் இன்னொரு செயற்கைக்கோளின் புதிய வருடல் வெளியாயிற்று. அந்தச் செயற்கைக்கோள் ஒரு இலக்கிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும்போது, வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் பதிவு செய்திருந்தது. பழைய வருடலோடு ஒப்பிடப் பிரமாதமான பண்டம். பூஜை விடுமுறை முடிந்திருந்த நேரம். மாதவி வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். புதிதாக எரிகிற இடங்களைத் தேடத்தான் ஆரம்பித்தாள். போகிற போக்கில், பழைய நண்பரின் வீட்டைத் தாண்டும்போது எட்டிப் பார்ப்பது போல, தங்கள் மண்டலத்தையும் எட்டிப் பார்த்தாள்.

அது எரிந்துகொண்டிருந்தது.

முதலில் தன் கைத்தவறு என்று நினைத்தாள். வானத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் எண்களை மறுபடி அடித்தாள். அதே இடம், அதே மண்டலம். தொண்ணூறில் இருந்ததில் பாதிக்கு மேல் வெளிச்சம். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. மஹிமா வந்து அணைத்துவிட்டு, "மா, கீ ஹொயேச்சே? ஏன் இப்படி உக்காந்திருக்கே?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மாதவி குக்கரை இறக்கப் போனாள்.

கிழிபட்ட நட்சத்திரம் மறுபடி கிழிபடாது. ஒரே மண்டலம் பதினாறு வருஷத்துக்குள் இரண்டு தடவை எரிந்தால் அங்கே எந்த நட்சத்திரமும் சாகவில்லை. அது அவ்வப்போது விழித்துத் தின்னும் சாதாரணக் கருந்துளை. அவ்வளவுதான். அவர்களுடைய கட்டுரை தப்பு.

மறுநாள் சாயங்காலம் இருவரும் ஏரிக்கரையில் நடக்கப் போனபோது சொன்னாள். அனந்தகிருஷ்ணன் நின்றுவிட்டான். படகுக் கிளப் பையன்கள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

"வேற ஒரு நட்சத்திரம் விழுந்திருக்கலாமே" என்றான்.

"பத்தாயிரம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு எழுதினது நீதானே?"

அவன் முகம் சுண்டியது. கொஞ்ச தூரம் நடந்தான். "முழுக்கக் கிழியாம இருந்திருக்கலாம். மேல்பாகம் மட்டும் உரிஞ்சு, மீதி சுத்திண்டு திரும்பி வந்து மறுபடி மாட்டியிருக்கலாம். கணக்குல இடம் இருக்கு, மாதவி."

அவளுக்கும் அந்த எண்ணம் முந்தின நாளே வந்திருந்தது. இல்லை என்று அடித்துச் சொல்ல அவளிடம் ஆதாரம் இல்லை. "அப்போ நல்ல ஸ்பெக்ட்ரம் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாம்" என்றாள். "கோடு இல்லேன்னா நீ சொல்றதை எழுதலாம். இருந்தா வாபஸ் வாங்கணும்."

"இப்போவா?"

இப்போது என்பதில்தான் சிக்கல். வேறு ஒரு பெரிய நிறுவனத்தில் மூத்த பேராசிரியர் பதவிக்கு அவன் பெயர் போயிருந்தது. ஏப்ரலில் தேர்வுக் குழு கூடப்போகிறது. அவன் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்த மண்டலம் இருந்தது.

தொலைநோக்கி நேரத்துக்கு மாதவி தன் பெயரில் மட்டும் எழுதிப்போட்டாள். ஜனவரியில் கல்லூரியில் லீவு சொல்லிவிட்டுத் தனியாக மலையேறினாள். இந்தத் தடவை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மேகம் வந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவள் நினைத்தது யாருக்கும் தெரியாது. நிறமாலை வந்தது. முன்பு மேடு இருந்த இடத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. தள்ளி வேறு சில. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஹௌராவில் இறங்கி டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூட வைக்காமல் காகிதத்தை அவன் முன்னால் நீட்டினாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"சரி" என்றான். "எழுதிடலாம். ஏப்ரல் முடியட்டும்."

"அனந்த்..."

"நான் மறைக்கச் சொல்லலை. தள்ளிப்போடத்தான் சொல்றேன். மூணு மாசம். பதினஞ்சு வருஷமா எரிஞ்சு அணைஞ்சுண்டு இருக்கறது, அதுக்கென்ன அவசரம்? இந்த வேலை இப்போ போனா எனக்கு மறுபடி வராது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவனுக்கு அப்போது நாற்பத்து ஆறு வயது. ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறவன் என்பதும் அவளுக்குத் தெரியும். அவன் கெட்டவன் இல்லை. "சரி" என்று அவள் வாய் சொன்னது. பத்து வருஷத்துக்கு முன்னால் மலையில் சொன்ன அதே சரி.

அந்த மூன்று மாதம் அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. வகுப்பில் ஒரு நாள் சோதனை முடிவை எழுதுவது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தவள், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் வெளிநாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒரு ஆராய்ச்சிக்காரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள்: கிழிபட்ட நட்சத்திரங்களில் சந்தேகமற்றவை என்று ஒரு தொகுப்பு தயாரிக்கிறேன், உங்கள் மண்டலத்தை அதில் சேர்க்கிறேன், புதிதாக ஏதாவது தகவல் இருக்கிறதா? மாதவி பதிலைத் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். "சில புதிய பதிவுகளை ஆராய்ந்து வருகிறோம், மே மாதம் எழுதுகிறேன்" என்று அனுப்பினாள். அதில் பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. அனுப்பிவிட்டுக் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

ஏப்ரலில் அனந்தகிருஷ்ணனுக்கு வேலை கிடைத்தது. சகுந்தலா டாக்குரியாவிலிருந்து பால் பாயசத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். "மாப்பிள்ளை, உங்க கைராசி அவளோட நட்சத்திரத்துலேர்ந்து ஆரம்பிச்சது" என்றாள். அவன் மாதவியைப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டான். மாதவி தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்தாள்.

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். மே மாதம் பிறந்ததும் தானே உட்கார்ந்து மறுப்புக் கட்டுரையை எழுத ஆரம்பித்தான். அழகாக எழுதினான். தன் பழைய கணக்கில் எந்த இடம் பலவீனம், எதை அவசரப்பட்டு முடிவு கட்டினோம் என்று ஒளிக்காமல் எழுதினான். வழக்கம்போல முதலில் அவன் பெயர், அடுத்து அவள் பெயர். ஜூலையில் தென்னிந்தியாவில் ஒரு மாநாடு. அதில் தானே அறிவித்துவிடுகிறேன் என்றான். அவளையும் அழைத்துப் போனான்.

அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அனந்தகிருஷ்ணன் மேடையேறி, "பத்து வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டதாக நான் சொன்ன நட்சத்திரம் சாகவேயில்லை" என்று ஆரம்பித்தான். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. புதிய வருடலில் மண்டலம் எரிவதைக் காட்டினான். ஊசிக் கோடுகளைக் காட்டினான். மாதவியின் பெயரை இரண்டு தடவை சொன்னான்; அதில் குறை சொல்ல முடியாது. முடித்ததும் கைதட்டல். சிலர் எழுந்தே நின்றார்கள். தலைமை வகித்த மூத்த விஞ்ஞானி ஒலிபெருக்கியைப் பிடித்து, "விஞ்ஞானத்தில் இந்த மாதிரித் துணிச்சல் அபூர்வம். இளைஞர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். டீ வேளையில் அனந்தகிருஷ்ணனைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. யாரோ ஒருவர் மாதவியிடம், "இப்படிப்பட்டவரோடு வாழ்வது பெருமைதானே" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பிஸ்கட் எடுக்கப் போனார்.

விருந்தினர் விடுதியில் அறைக் கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள்:

"துணிச்சல்னு கை தட்டினாளே, யாரோட துணிச்சல்?"

"நான் கேட்டு வாங்கலையே."

"வேண்டாம்னும் சொல்லலை. ஜனவரியிலேயே தெரியும்னு சொல்லலை. வேலை கிடைக்கிற வரைக்கும் கையில வெச்சுண்டு இருந்தோம்னு சொல்லலை."

அவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை.

"நீயும்தானே காத்திருந்தே, மாதவி? ஸ்பெக்ட்ரம் உன் கையில இருந்தது. உன் பேர்ல வாங்கின நேரம். நீ ஒருத்தியே எழுதியிருக்கலாம். நான் தடுத்திருக்க முடியுமா?"

மாதவி கைப்பையைக் கீழே வைத்தாள். இத்தனை மாதமாக அவன்மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் காலுக்குக் கீழே இருந்து நழுவியது போல இருந்தது. அவன் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

கொல்கத்தாவுக்குத் திரும்பியதும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு டாக்குரியாவுக்குப் போனாள். சகுந்தலாவுக்கு உடம்பு ஒன்றும் இல்லை. மகள் பெட்டியோடு வந்து நின்றதைப் பார்த்தவள், எதுவும் கேட்காமல் முன்னறையில் இருந்த துணிக் குவியலை எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தாள். நாலைந்து நாள் கழித்துத்தான் கேட்டாள்.

"அடிச்சாரா?"

"சீ, இல்லம்மா."

"வேற யாராவது?"

"அதெல்லாம் இல்லை. ஒரு தப்பு பண்ணினோம். ரெண்டு பேரும் சேர்ந்து. அவருக்கு அதனால நல்ல பேர் வந்துடுத்து."

சகுந்தலா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "உனக்கும் நல்ல பேர் வந்திருந்தா இப்படி வந்து உக்காந்திருப்பியா?" என்று கேட்டாள். குத்திக்காட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாதவி யோசித்தாள். தெரியலை என்றுதான் சொல்ல முடிந்தது.

மஹிமா பள்ளிக்கூடம் விட்டு ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று போய் வந்தாள். "பாபா ஆலு செத்தோ, வெறும் வேகவெச்ச உருளைக்கிழங்கு மட்டும்தான் பண்றார், ரோஜ் ரோஜ். உப்பே இல்லை" என்பாள். வேறு ஒரு நாள், "பாபா அழுதார். நான் பார்த்தேன்னு அவருக்குத் தெரியாது" என்றாள்.

மே மாதம் என்று சொல்லி எழுதாமல் விட்டிருந்த அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு ஒரு மதியம் எழுதினாள். தங்கள் மண்டலத்தைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லி, ஜனவரியிலேயே தனக்குத் தெரியும் என்றும், அப்போதே சொல்லாதது தன் தவறு என்றும் நேராக எழுதினாள். பதில் இரண்டு வரியில் வந்தது. தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது, திருத்தம் போடவேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண் பிறகு எழுதவில்லை.

தீபாவளிக்கு முன்னால் மாதவி வீடு திரும்பினாள். சமாதானம் என்று யாரும் பேசவில்லை. அவன் கதவைத் திறந்தான், பெட்டியை வாங்கினான். வீட்டில் இருந்த தன் கம்ப்யூட்டரை மட்டும் அடுத்த வாரம் கல்லூரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே பழைய சோதனைக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது. அனந்தகிருஷ்ணன் புது வேலையில் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். மாநாட்டில் அவன் பேசியது பற்றி ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில்கூட எழுதினார்கள். அதை அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மாதவி கல்லூரி நூலகத்தில் பார்த்தாள்.

அவள் மறுபடி தேட ஆரம்பித்தாள், ஆனால் எக்ஸ்ரேயில் இல்லை. வானத்தில் நீளமான ஒரு பட்டையை ஒரு தொலைநோக்கி வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் திரும்பத் திரும்பப் படமெடுத்து, எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தது. அதில் மண்டலங்களின் நட்ட நடுவில் ஒரே ஒரு தடவை மட்டும் கூடிக் குறைந்த வெளிச்சங்களைத் தேடினாள். வெடிக்கிற நட்சத்திரங்கள் ஏமாற்றும். அவை ஆறும்போது சிவக்கும். நடுவிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும் தள்ளினாள். இதற்கு முன் ஒரு தடவை லேசாகத் துடித்திருந்தாலும் தள்ளினாள். கடைசியில் இங்கேயும் ஒன்று நின்றது. நீலமாக எரிந்து, மாதக்கணக்கில் நீலமாகவே இருந்து, மெல்ல அடங்கியது. அடுத்த வருஷப் படத்தில் இல்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. ஒரு நண்பர் மூலம் நல்ல நிறமாலை ஒன்றும் கிடைத்தது. கோடு இல்லை. அப்படியும் அவள் எழுதாமல் இன்னொரு பருவம் காத்திருந்தாள். சோதனைக்கூட உதவியாளர் பிகாஷ் பாபு, "தீதி, இன்னும் அதே படத்தையா பார்க்கறீங்க?" என்று வங்காளியில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அனந்தகிருஷ்ணன் காப்பி குடித்துக்கொண்டிருந்த மேஜையில் பிரதியை வைத்தாள்.

"படிச்சுட்டுச் சொல்லு. தப்பு இருந்தா இப்போவே தெரியணும்."

அவன் முழுக்கப் படித்தான். பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் கணக்கைச் சரிபார்த்தான். ஒரு இடத்தில் உண்மையாகவே பிசகு இருந்தது; திருத்தினான். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, தலைப்பில் விரலை வைத்தான்.

"'இருக்கக்கூடும்'னு ஏன் போட்டிருக்கே? இது ரொம்ப பலமான கேஸ். எடுத்துடு."

"இருக்கட்டும்."

"படிக்கறவா சந்தேகப்படுவா."

"படட்டும்."

அவன் மேலும் வற்புறுத்தவில்லை. பெயர் இருந்த இடத்தைப் பார்த்தான். அவள் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பார்த்தான் என்பதை அவளும் பார்த்தாள். காப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"இதுல நீ என்ன பண்ணினே, சொல்லு. போட்டுடறேன்" என்றாள் மாதவி. கேலி இல்லாமல்தான் கேட்டாள்.

அனந்தகிருஷ்ணன் யோசித்தான். எதிர் ஃப்ளாட்டில் ஷிப்ரா யாரையோ மீன் வாங்க அனுப்பிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ஒண்ணும் பண்ணலை" என்றான். "ஒரு கணக்கைத் திருத்தினேன்."

"அதுக்கு நன்றி சொல்லிக் கடைசியில போடறேன்."

"போடு" என்று பிரதியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு சூடுபண்ணச் சமையலறைக்குப் போனான்.